தத்தன் காலில் ஏறிய முட்டை

அந்தக் காலத்தில், பறவைகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, தெற்குக் கோடியில் இருக்கும் பனிநிலத்துப் பெங்குயின்களும் கூடு கட்டித்தான் குடித்தனம் நடத்தினார்கள். குச்சியும் புல்லும் இல்லாத இடத்தில் கூடு எப்படி என்று கேட்பீர்கள். பனியைக் குழைத்துத்தான் கட்டினார்கள்.

இந்த யோசனையைக் கொண்டுவந்தது ஆலா என்ற கடற்பறவை. வருஷம் தவறாமல் வடக்கிலிருந்து பறந்து வந்து, ஊர்க்கதை எல்லாம் அளந்துவிட்டுப் போவது அதன் வழக்கம். "எங்க பக்கம் முட்டைன்னா கூட்டுலதான் வைப்போம். கூடு இல்லாததெல்லாம் ஒரு குடும்பமா?" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனது. எதை வைத்துக் கட்டுவது என்று அது சொல்லவில்லை. கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று பெங்குயின்களும் கேட்கவில்லை.

அதன்பிறகு, பனியில் கூடு கட்டுவது ஆண்களின் வேலையானது. கட்டி முடித்ததும் அவர்கள் கடலுக்கு மீன் தின்னப் போய்விடுவார்கள். மற்றதெல்லாம் பெண்கள் பாடு.

தத்தன் கட்டும் கூட்டுக்கு அங்கே தனிப் பெயர். விளிம்பை அலகால் இழைத்து இழைத்து வழவழவென்று ஆக்கிவிடுவான். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவன் மனைவி கயலிக்கும் அதில் பெருமைதான். ஆனால் போன குளிர்காலத்தில் அந்தக் கூட்டுக்குள்ளேயே அவள் முட்டை உறைந்து விரிசல் விட்டது. அந்த வருஷம் குஞ்சு பொரித்த வீடுகளே குறைவு. முட்டையில் கோளாறு என்றார்கள் சிலர், காற்றில் கோளாறு என்றார்கள் சிலர். கூட்டை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை, அத்தனை அழகாக இருந்தது.

இந்த வருஷம் கயலி முட்டையிட்டதும் அதைக் கீழே வைக்கவே இல்லை. தன் பாதங்களின்மேல் ஏற்றி, அடிவயிற்றுத் தோலை மடித்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"கூடு தயாரா இருக்கு கயலி. போன வருஷத்தைவிட ஆழமாத் தோண்டியிருக்கேன்," என்றான் தத்தன்.

"அதுல வைக்க மாட்டேன்."

"ஏன், விளிம்பு பிடிக்கலையா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்துவதற்குத் தெம்பில்லை. "விளிம்பு நல்லாத்தான் இருக்கு. நீங்க ஒரு தடவை அதுல உக்காந்து பாருங்க. அடிவயித்துல இறகில்லாத இடம் இருக்குல்ல, அது பனியில படுற மாதிரி உக்காருங்க."

தத்தன் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். பெங்குயினுக்கு உடம்பெல்லாம் கனத்த இறகு, பனியில் புரண்டாலும் குளிர் தெரியாது. அந்த ஓர் இடம்தான் வெறும் தோல். அது பனியைத் தொட்டதும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. உடனே எழுந்தால் வெட்கக்கேடு என்று இன்னும் கொஞ்ச நேரம் அலகை இறுக்கிக்கொண்டு இருந்தான். பிறகு எழுந்து வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"அதுக்குள்ளதான் நம்ம பிள்ளைய வச்சோம்," என்றாள் கயலி.

தத்தன் அழுதான். அழுது முடித்துவிட்டு, "இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு," என்றான்.

"எனக்குப் பசி கண்ணை அடைக்குது. கடலுக்குப் போகலைன்னா விழுந்துடுவேன். நான் வர்ற வரைக்கும் இதை நீங்க கால்மேல வச்சுக்கணும்."

"நானா? பக்கத்துக் கூட்டுத் திமிலன் பாத்தா ஊரைக் கூட்டிச் சிரிப்பானே."

"சிரிக்கட்டும்."

"அப்ப எனக்குச் சாப்பாடு?"

கேட்டுவிட்டானே தவிர, முட்டையோடு கடலுக்குப் போக முடியாது என்பது அவனுக்கும் தெரியும். குனிந்து தன் தொந்தியைப் பார்த்தான். "தாங்கும்," என்றான்.

இருவரும் விரலோடு விரல் முட்ட நின்றார்கள். கயலி வயிற்றை விலக்கினாள். முட்டை உருண்டு பனியில் இறங்கியது. அது பனியில் கிடந்த அந்தச் சின்னப் பொழுதில் இருவருக்குமே போன வருஷத்து விரிசல்தான் நினைவுக்கு வந்தது. தத்தன் அலகால் பதமாக இழுத்து, பாதத்தின்மேல் ஏற்றி, தோலைப் போர்த்தினான். கயலி திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே கடலை நோக்கிப் போனாள்.

திமிலன் வந்தான். "என்ன தத்தா, எப்ப மசக்கை?" என்று கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தான். ஆனால் அவன் மனைவியும் கூட வந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை, தத்தனின் காலையே உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த முறை திமிலன் வந்தபோது அவன் காலிலும் ஒரு முட்டை இருந்தது. பெண்களுக்குள் செய்தி பரவக் கேட்கவா வேண்டும், சீக்கிரமே அங்கிருந்த தகப்பன்மார் எல்லோர் காலிலும் முட்டை ஏறிவிட்டது.

நாம் தெற்கிலிருந்து வரும் காற்றைத் தென்றல் என்று கொஞ்சுகிறோம். அங்கே தெற்கத்திக் காற்று ஆளையே புரட்டிப் போட்டுவிடும். அது வந்தது. அதுவரை ஆண்கள் யாரும் யாரையும் பக்கத்தில் நிற்க விட்டதில்லை, கொத்தித் துரத்துவார்கள். காலில் முட்டையோடு யாரைத் துரத்துவது?

"தத்தா, உன் முதுகுக்குப் பின்னால கொஞ்சம் நின்னுக்கட்டுமா? முட்டைக்குக் குளிருது," என்றான் திமிலன்.

"நில்லு. அப்புறம் நீ முன்னால வா, நான் பின்னால நிக்கிறேன்."

இதைக் கேட்டு மற்றவர்களும் தத்தித் தத்தி வந்து ஒட்டிக்கொண்டார்கள். வெளியே நின்றவர்கள் உள்ளே போவதும் உள்ளே நின்றவர்கள் வெளியே வருவதுமாகக் குளிர்காலத்தைக் கடத்தினார்கள்.

ஒருநாள் தத்தனின் பாதத்தில் ஓடு உடைந்தது. குஞ்சு வெளியே வந்ததும் வராததுமாகப் பசி என்று கத்தியது. எலும்பும் தோலுமாக நின்ற தத்தன் தொண்டையை எக்கி எக்கி, பால் போல ஏதோ கொஞ்சம் வரவழைத்து ஊட்டினான். அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. குஞ்சு குடித்துவிட்டுத் தூங்கியது. அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் பசி மறந்துபோனது.

கயலி வயிறு நிறைய மீனோடு திரும்பி வந்தாள். மெலிந்து ஒரே மாதிரி நின்ற அத்தனை தகப்பன்மாரில் தன்னவன் யார் என்று தெரியாமல் குரல் கொடுத்தாள். பதில் குரல் கேட்ட பக்கம் ஓடினாள்.

"வந்துட்டேங்க. கொடுங்க, பிள்ளைக்கு ஊட்டணும். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"இதோ," என்றான் தத்தன். ஆனால் நகரவில்லை.

"என்னங்க?"

"இப்பதான் தூங்குச்சு. கொஞ்சம் இரேன்."

கயலிக்குச் சிரிப்பு வந்தது. அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். இன்றைக்கும் தாய் வந்து எதிரே நின்றாலும் தகப்பன் பெங்குயின் குஞ்சைச் சட்டென்று விட்டுக்கொடுப்பதில்லை. குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்தும், இன்னும் கொஞ்ச நேரம் கால்மேல் வைத்திருந்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறது.