கண்ணுக்கு இமை தைத்த சட்டம்

மஞ்சுத்துறை என்று ஓர் ஊர் இருந்தது. ஆறு கடலோடு கலக்கும் இடம் என்பதால் பாதி நாள் மூடுபனிக்குள்ளேயே கிடக்கும். அந்த ஊர்ப் படகுத்துறையில், உயரமான கம்பத்தின் மேல் ஒரு கண் குடியிருந்தது. காவல்துறை வைத்த கண். அதற்கு இமை கிடையாது. வருகிற போகிற எல்லா முகங்களையும் பார்த்தது. பார்த்த ஒவ்வொன்றையும் உள்ளே வைத்துக்கொண்டது. மீன்கூடைக்காரிகள், பள்ளிப் பிள்ளைகள், முதன்முதலாகக் கைகோத்து நடந்தவர்கள் என்று ஒரு லட்சம் முகங்கள் அதற்குள் உறக்கமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன.

ஒரு நாள் காலை இன்ஸ்பெக்டர் தில்லைநாயகம் கம்பத்தடிக்கு வந்து, மங்கலான ஒரு படத்தை உயர்த்திக் காட்டினார்.

"போன வியாழக்கிழமை சந்தையில ஒரு பொண்ணோட சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடினவ இவ. எங்க இருக்கான்னு பாரு."

கண் பனிக்குள் தேடியது. எட்டு மணிப் படகைப் பிடிக்க ஒரு பெண் தோளில் பையோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

"அதோ, அவள் முகம் ஒத்துப்போகிறது. நூற்றுக்கு எழுபத்தொன்று" என்றது கண். "ஆனால் படம் மங்கல். பனியும் அதிகம். ஒருவேளை வேறு யாராகவும்..."

எழுபத்தொன்றுக்குப் பிறகு சொன்னது எதுவும் இன்ஸ்பெக்டர் காதில் விழவில்லை. அவர் நடக்கத் தொடங்கியிருந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் அமலோற்பவம். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். படகில் ஒரு கால் வைத்திருந்தவளை இன்ஸ்பெக்டர் மறித்தார்.

"சார், அக்கரையில ஒரு பொண்ணு விடியக்காலையிலிருந்து பிரசவ வலியில கிடக்கா. தலைப்பிரசவம். என்னை விடுங்க. போயிட்டு நானே வர்றேன்."

"எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க. ஸ்டேஷனுக்கு வாம்மா. கண்ணு பொய் சொல்லாது."

"நான் பொய் சொல்லவில்லை, ஐயா" என்று கம்பத்தின் மேலிருந்து கண் பதறியது. "ஒத்துப்போகிறது என்றுதான் சொன்னேன். அவள்தான் என்று சொல்லவே இல்லையே!"

கேள்வி கேட்டால் மட்டுமே அதன் குரல் கீழே கேட்கும். இப்போது யாரும் கேட்கவில்லை. அமலோற்பவம் திரும்பித் திரும்பி ஆற்றைப் பார்த்தபடி போவதைக் கண் பார்த்தது. பார்க்காமல் இருக்க அதற்குத் தெரியாது.

படகோட்டி பிலவேந்திரன் படகைக் கட்டிப்போட்டுவிட்டு, துறைக்கு எதிரே இருந்த நீதிமன்றத்துக்கு ஓடினான். அங்கிருந்து அவன் ஸ்டேஷனுக்கு வந்தபோது அவனோடு சட்டமும் வந்தது. அந்த வாரம்தான் பிறந்த சட்டம். மேலே மை இன்னும் காயவில்லை. அது நடந்த வழியெல்லாம் நீலச் சுவடு பதிந்தது.

"யார் நீ? உன்னை நான் பார்த்ததே இல்லையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சட்டம். புதிது. இந்தக் கண்ணைக் கொண்டு ஒருவரைத் தேட நீதிபதியின் உத்தரவு வேண்டும். வாங்கினீர்களா?"

"உத்தரவு வாங்கிட்டு வர்றதுக்குள்ள திருடி ஊரைத் தாண்டிடுவா. அந்தப் பொண்ணு கழுத்துல ஏழு தையல் தெரியுமா உனக்கு? அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவளுக்கும் சேர்த்துத்தான் பிறந்திருக்கிறேன்" என்றது சட்டம். "தவறான ஆளைப் பிடித்துவைத்தால், சங்கிலியை அறுத்தவள் வெளியே நடந்துகொண்டிருப்பாள். கண் சொல்வதை வைத்துத் தேடத் தொடங்கலாம். அதை மட்டுமே வைத்துக் கைது செய்ய முடியாது. வியாழக்கிழமை எங்கே இருந்தாய் என்று இந்தம்மாவைக் கேட்டீர்களா?"

இன்ஸ்பெக்டர் அமலோற்பவத்தைப் பார்த்தார். முதல்முறையாக அவளைத்தான் பார்த்தார்.

"வியாழக்கிழமை எங்கம்மா இருந்தே?"

"ஆஸ்பத்திரியில சார். இரட்டைப் பிரசவம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வார்டைவிட்டு வெளியில வரல."

ஒரே ஒரு போன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் அவள் பையைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

படகு பனிக்குள் மறைந்தது. மதியம் பிலவேந்திரன் தனியாகத் திரும்பினான். இன்ஸ்பெக்டர் துறையில் காத்து நின்றார்.

"பொம்பளப் பிள்ளை, ஐயா. தாய்க்கு ரொம்ப ரத்தம் போயிடுச்சு. நர்சம்மா ஒத்தக் கையால அழுத்திப் பிடிச்சுத்தான் உசிரை நிறுத்தினாங்க. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா..." என்றவன் துடுப்பைக் கீழே வைத்தான்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சங்கிலி பறிகொடுத்தவளின் வீட்டுக்கு, நடந்ததை முதலிலிருந்து கேட்க, நடந்தே போனார்.

சட்டம் கம்பத்தில் ஏறியது. கையில் ஊசியும் நூலும்.

"என்னைக் குருடாக்கப் போகிறாயா?" என்று கண் நடுங்கியது.

"இல்லை. இமை தைக்கப் போகிறேன். உத்தரவு வந்தால் திறப்பாய். வேலை முடிந்தால் மூடுவாய். அதற்கு முன்னால், குற்றம் செய்யாதவர்களின் முகங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடு."

கண் தயங்கித் தயங்கி விட்டது. முகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, வெள்ளைப் பறவைகளைப் போலப் பனியில் பறந்தன. தெருவிலும் சந்தையிலும் வகுப்பறையிலும் இருந்தவர்கள், ஏதோ கன்னத்தைத் தொட்டதுபோல ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

கடைசியில் ஒரு முகம் மிஞ்சியது.

"இதை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கண் கெஞ்சியது. "என்றாவது அவள் இந்தப் பக்கம் வந்தால் அடையாளம் கண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்."

"அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் மன்னிப்பு" என்றது சட்டம்.

கண் அதையும் விட்டது.

மாலைப் படகின் நடுவில், அசதியில் தலைசாய்ந்திருந்த அமலோற்பவம் சட்டென்று கண்விழித்தாள். ஆற்றுச் சாரல் என்று நினைத்து, புறங்கையால் கன்னத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.