ஒரு பொட்டு வெளிச்சம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பதைத் தொட்டிருக்கும், சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு ஜெசிந்தா, பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் ஸ்டுடியோ வைத்திருப்பவள். சீடர் திருமலைக்கொழுந்து, ஊரறிந்த பல் டாக்டர். ஞாயிறுதோறும் அவளிடம் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வருவார். சில மாதங்களாகக் கற்றுக்கொள்வதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்க மட்டும் வந்துகொண்டிருந்தார். கேள்வியும் ஒன்றேதான்.

அன்றைக்கும் வந்தார். இரண்டு கேமராக்களை மேஜைமேல் வைத்தார்.

"எது, டீச்சர்?"

முந்தின நாள் கல்யாண வேலை முடித்துவிட்டுத் தோள்வலியோடு உட்கார்ந்திருந்தாள் ஜெசிந்தா. இரண்டு கேமராவும் ஒரே ஜெர்மன் கம்பெனி. ஒன்றில் பின்பக்கம் திரை உண்டு, மற்றதில் இல்லை. அதற்கு மேல் வித்தியாசம் கண்டுபிடிக்க டாக்டரைப்போல் பொழுதிருக்க வேண்டும். கடைக்காரர் சிநேகிதர் என்பதால் இரண்டையும் பார்க்கக் கொடுத்து, நாளைக்கு ஒன்று திரும்பி வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

டாக்டர் எப்போதும் மனைவியோடுதான் வருவார். இன்று தனியாக ஏறி வந்திருந்தார்.

"வடிவக்கா வரலையா?"

"கீழ கார்ல இருக்கா. படியேற முடியலங்கா."

"உடம்புக்கு என்ன?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவ அக்கா ராஜபாளையத்துல படுத்த படுக்கையா கெடக்கா. போணும் போணும்ங்கா. இந்தக் கேமரா ஒரு முடிவுக்கு வரட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

ஜெசிந்தா எழுந்தாள். அவர் கொண்டுவந்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, அவரை அதன்முன் உட்காரவைத்துவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு கீழே இறங்கிப்போனாள். திரும்பி வர நேரமாயிற்று. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலி டம்ளரோடு வந்தவள் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரையில் வடிவு இரண்டு பேராக இருந்தாள். இடது பக்கத்து வடிவு ஒரு கேமரா, வலது பக்கத்து வடிவு மற்றொன்று. அதே ஜன்னல், அதே சேலை, அதே முகம். அடுத்த ஜோடியும் வடிவுதான், அதற்கடுத்ததும் வடிவுதான். பரிசோதனைக்கு அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. சுவரோரம் நில் என்றால் நின்றிருக்கிறாள், ஜன்னலோரம் உட்கார் என்றால் உட்கார்ந்திருக்கிறாள். அந்த முகத்தைப் பார்க்க ஜெசிந்தாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"வெளிச்சம் கம்மியா வச்சுத்தான் எடுத்தேன். அப்பத்தான் ரெண்டோட லெச்சணமும் தெரியும். அதுக்கு ஆடாம அசையாம இருக்கணும். பாவம், நல்லா இருந்துக்கிடுதா."

"ஃபோகஸ் எங்க வச்சீங்க?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. இந்த வகைக் கேமராவில், கண்வைத்துப் பார்க்கும் இடத்தின் நடுவே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் படம் தெளிவாக விழும். சேர்ப்பதற்குப் பளிச்சென்று ஏதாவது வேண்டும்.

"அத நானே கண்டுபிடிச்சேன், டீச்சர். தலைமுடி, சேலைக்கரை, கம்மல்னு எல்லாத்துலயும் வச்சுப் பாத்தாச்சு, சரிப்படல. இங்க பாருங்க, இடது கண்ணுக்குக் கீழ் ஓரம். ஒரு பொட்டு வெளிச்சம். அதுல வச்சா ரெண்டும் டக்குனு சேந்துக்கிடுது."

"எல்லாப் படத்துலயும் இருக்கே."

"மொதல்ல எடுத்ததுல கெடையாது. இப்ப கொஞ்ச நாளாத்தான் விழுது."

ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று நினைத்தாள். இல்லை, மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்தார். வாயைத் திறந்து காட்டினால் போதும், கடைவாயில் ஒளிந்திருக்கும் சொத்தையைச் சொல்லிவிடுகிறவர் அவர்.

"ஜன்னல் வெளிச்சம் அப்படி விழுதுபோல," என்றார்.

"ஜன்னல் இல்லாத எடத்துல எடுத்ததுலயும் இருக்கு, டாக்டர்."

அவர் படத்தை இன்னும் பெரிதாக்கினார். கண்ணோரம் மட்டும் திரையில் நிறைந்து நின்றது.

"லெஃப்ட்ல இருக்கது கொஞ்சம் ஷார்ப்பு," என்றார். பிறகு, "இல்ல, ரெண்டும் ஒண்ணுதான். எனக்கே அலுத்துப் போச்சு, டீச்சர். நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். எது?"

"இன்னும் ஒரு படம் எடுங்க. இங்கயே, அதே பொட்டு வெளிச்சத்துல வச்சு எடுங்க. அப்புறம் சொல்லுதேன்."

"இவ்வளவுதானா? கூட்டிட்டு வாரேன்."

இறங்கிப் போனார். கார்க்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொரு கதவும் திறந்து மூடியது. ஜெசிந்தா இரண்டு லென்ஸுக்கும் மூடி போட்டு, கேமராக்களை அவருடைய பையில் வைத்தாள். தோள் இன்னும் வலித்தது.

மேலே வந்தபோது டாக்டருக்கு மூச்சு வாங்கியது.

"கார்ல ஆளக் காணோம். கைப்பையும் இல்ல."

"ராஜபாளையம் பஸ் ஏறியிருப்பாங்க. நான்தான் ஆட்டோ புடிச்சு ஏத்தி விட்டேன்."

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோபம் சட்டென்று வந்தது, ஆனால் குரலில் அதற்குத் தெம்பில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?"

திரையில் அந்தக் கண் அப்படியே இருந்தது. ஜெசிந்தா அதை அணைக்கவில்லை.

"அவங்க அக்காவுக்கு நெனவு தப்பிருச்சுன்னு காலைல போன் வந்திருக்கு. உங்ககிட்ட சொன்னாங்களாம், டாக்டர். 'பேசாத, உதடு அசையுது'ன்னீங்களாம்."