ஓர் அடுப்புக்கு இரண்டு பேர்

கடம்பவேலன் என்று ஒரு ராஜா. எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். கதைக்கு அது வேண்டாம்.

ராஜாவுக்குச் சொந்தமாக வெல்லம் காய்ச்சும் ஆலை. அங்கே இரண்டு பேர். கரும்பு பிழிகிற இடத்தில் சடைக்கன். சாறு இறங்கியதும் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பான். நீர்த்திருந்தால், அது கொப்பரைக்குப் போகும் முன்பே, "தீயைக் கூட்டு!" என்று கத்துவான். கொப்பரையருகே வெள்ளையம்மா. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாள். பதம் வராவிட்டால், "இன்னும் எரி" என்பாள். வந்துவிட்டால், "போதும், தணி" என்பாள். வெல்லம் நன்றாகத்தான் வந்தது.

மந்திரி ஆனைமுத்துப் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"ஓர் அடுப்புக்கு இரண்டு அதட்டலா? ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள் மன்னா."

இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நான்தான் முன்னாடியே சொல்லிடுறேனே சாமி, இவ எதுக்கு?" என்றான் சடைக்கன்.

"இவன் சொன்னதைத் தினமும் நான்தான் திருத்துறேன். இவன் எதுக்கு?" என்றாள் வெள்ளையம்மா.

விட்டுக்கொடுப்பார்களா? இருவர் வீட்டிலும் சோறு வேகிறதே இந்த வேலையால்.

ராஜா சோதனை வைத்தார். முதல் நாள் வெள்ளையம்மா மட்டும். மழை பெய்து சாறு தண்ணீராக இருந்தது. பாகு இறுகவில்லை என்று அவளுக்குத் தெரியவே நேரமாகிவிட்டது. பதறிப்போய்த் தீயை ஏற்றினாள். கருகிவிட்டது. மறுநாள் சடைக்கன் மட்டும். சாறு அருமை. அளவாக எரிக்கச் சொன்னான். அடுப்பில் எரித்த கரும்புச் சக்கை ஈரம் என்று அவனுக்கு யார் சொல்வது? வெல்லம் இல்லை, கூழ்.

"இரண்டும் தண்டம். இருவரையும் துரத்து!" ராஜாவின் மீசை துடித்தது. மந்திரிக்கு ஏக சந்தோஷம்.

சபையில் சிலம்பப்பன் என்று ஒருவன். வாய்தான் அவன் உத்தியோகம். எழுந்தான்.

"மன்னா, பன்னிரண்டு வருஷமாக இந்த வாயை வைத்துக்கொண்டும் என் தலை கழுத்திலேயே இருக்கிறது. எப்படி?"

"எனக்கும் அதுதான் புரியவில்லை."

"அந்தப்புர வாசலில் ஓர் ஆள் வைத்திருக்கிறேன். தாங்கள் ராணியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறீர்களா, சிரித்துக்கொண்டு வருகிறீர்களா என்று முன்னமே சேதி வந்துவிடும். அதற்குத் தகுந்தபடிதான் வாயைத் திறப்பேன்."

"அட பாவி! அப்புறம்?"

"சில நாள் சேதி தப்பிப்போகும். சிரித்துக்கொண்டுதான் கிளம்பியிருப்பீர்கள். வழியில் மந்திரியைப் பார்த்திருப்பீர்கள். அதனால் பேசும்போதே தங்கள் மீசையைக் கவனிப்பேன். துடித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த ஆள் மட்டும் போதும் என்று இருந்திருந்தால் ஒரு மாதம்தான் தாங்கியிருப்பேன். மீசை மட்டும் போதும் என்று இருந்திருந்தால், அது துடித்து முடிப்பதற்குள் தலை உருண்டிருக்கும். ஆலையிலும் அப்படித்தான்: சடைக்கன் அந்த வாசல் ஆள், வெள்ளையம்மா மீசையைப் பார்க்கிற கண்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருவரும் ஆலைக்குப் போகட்டும். சக்கை காய்ந்ததா என்று மந்திரி பார்த்துக்கொள்ளட்டும்."

சிரிப்பு அடங்கியது. "அது சரி சிலம்பப்பா, என் வாசலில் நிற்கும் அந்த ஆள் யார்?"

சிலம்பப்பன் ராஜாவின் மீசையைப் பார்த்தான்.

"இந்த வருஷம் கரும்பு நல்ல விளைச்சல், இல்லையா மன்னா?"