நின்ன இடத்துலயே ஆயிரம் மணி நேரம் ஓடின நீலாயதாட்சி

மாயவரத்துல ஒரு வீடு. வீட்டுல ஒரு மேசை. அந்த மேசை மேல இன்னொரு ஊரு! ஆமாம், அட்டையில செஞ்ச மலை, மலைக்குள்ள ஒரு குகை, தீப்பெட்டி உசரத்துக்கு ஒரு ஸ்டேஷன், சுத்திவர விரல் அகலத்துக்குத் தண்டவாளம். அதுல ரெண்டு பொம்மை ரயில் இஞ்சின் இருந்துச்சாம். சிவப்பா இருக்கிறவ செவந்தி. நீலமா இருக்கிறவ நீலாயதாட்சி. எங்க, ம் சொல்லு.

"ம்."

அந்த மேசை ஊருக்கு ராஜா மகுடபதி. ரயில்வே பட்டறையில டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவர். யாரு எத்தனை மணிக்கு உள்ள வந்தான், எத்தனை மணிக்கு வெளிய போனான், அதை மட்டும்தான் எழுதுவார். நடுவுல அவன் வேலை பார்த்தானா, மரத்தடியில குறட்டை விட்டானா, அதெல்லாம் அவர் நோட்டுல வராது.

அதே வழக்கம் மேசைக்கும் வந்துடுச்சு. ஒவ்வொரு இஞ்சின் வயித்துலயும் ஒரு குட்டி மணிக்கணக்கு உண்டு. தண்டவாளத்துல கரண்ட் வந்தா போதும், டிக் டிக் டிக்னு எண்ண ஆரம்பிச்சுடும். சக்கரம் சுத்துதா இல்லையான்னு பார்க்க அதுக்குக் கண்ணு கிடையாது. ஆயிரம் மணி நேரம் ஆச்சுன்னா ரிட்டயர்! கண்ணாடி பீரோவுல வச்சுப் பூட்டிடுவார். அப்புறம் வெளியவே வர முடியாது.

செவந்தி கட முடா கட முடான்னு ஓடுவா, திருப்பத்துல டமார்னு கவுந்துடுவா. பாதி நாள் சக்கரம் கழட்டின கோலத்துல அலமாரியில படுத்திருப்பா. அங்க கரண்ட் இல்லை, மணியும் ஏறாது.

நீலாயதாட்சியை வாங்கின அன்னைக்கே முதல் பிளாட்பாரத்துல நிறுத்தினார் மகுடபதி. "எல்லாரும் ஓடிட்டா ஸ்டேஷன்ல யாரு நிக்கிறது?"ன்னுட்டார். அவளை ஓட்டற குமிழை அதுக்கப்புறம் அவர் தொடவே இல்லை, அவ ஒரு அங்குலம்கூட நகரலை. ஆனா தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் கரண்ட் வரும், டிக் டிக் டிக். இப்படி நின்னு நின்னே தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு மணி நேரம் ஆயிடுச்சு!

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. பீரோவுக்குப் போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அந்தக் குகையில புகுந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துடணும்.

"அக்கா, குகைக்கு அந்தாண்ட என்னக்கா இருக்கு?"

"கடலு"ன்னா செவந்தி.

"நேத்து சிங்கம்னியே?"

"சிங்கம் கடல்ல குளிக்கும்டி. நீ எங்க பார்க்கப்போறே, நின்னே கிழவியாயிட்ட!"

நீலாயதாட்சிக்கு ரோஷம் வந்துடுச்சு. இன்னும் மூணே மூணு சாயங்காலம்தான் பாக்கி. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ முதல் சாயங்காலம், 'என்னை ஓட்டுங்களேன்'னு பூ...ம் பூ...ம்னு ஊதினா. மகுடபதி ஓடி வந்தார். "தையல், இங்க வந்து பாரு! நிக்கிற வண்டி எவ்வளவு பொறுப்பா ஹாரன் அடிக்குது!"ன்னு சம்சாரம் தையல்நாயகியைக் கூப்பிட்டுக் காட்டி, ஒரு சல்யூட் வச்சுட்டுப் போயிட்டார். டிக். தொண்ணூத்தெட்டு.

அப்புறம் ரெண்டாம் சாயங்காலம், முன் விளக்கைப் பளிச் பளிச்னு சிமிட்டினா. மகுடபதி மணிக்கணக்கு நோட்டைப் பார்த்தார். "ஓடி ஓடிக் கண்ணு களைச்சுப்போச்சு, பாவம்"னு பஞ்சுல பன்னீர் நனைச்சு விளக்கைத் துடைச்சுவிட்டார். டிக். தொண்ணூத்தொம்பது.

மூணாம் சாயங்காலம், மூச்சைப் பிடிச்சுகிட்டு உர்ர்ர்...னு முக்கினா. சட சடன்னு பொறி பறந்துச்சு, கருகல் வாசனை வந்துச்சு. "உழைச்ச உடம்பு, மூட்டுவலி!"ன்னு சக்கரம் சக்கரமா எண்ணெய் தேய்ச்சு முழுக்காட்டினார். டிக்! ஆயிரம்!

உடனே விழா. ஒரு மல்லிகை மொட்டை நூல்ல கட்டி மாலை போட்டார். தொண்டையைக் கனைச்சார்.

"ஆயிரம் மணி நேர ஓட்டத்துல நம்ம நீலாயதாட்சி ஒரு தடவைகூடத் தடம் புரளலை. ஒரு நாளும் லேட்டா வந்ததில்லை."

"வந்ததே இல்லியேங்க!"ன்னாங்க தையல்நாயகி.

"நோட்டுல அப்படித்தான் இருக்கு."

"அப்போ நான் அடுப்படியில நின்ன கணக்குக்கு இந்நேரம் காசிக்கே போய்ச் சேர்ந்திருக்கணும்!"

மகுடபதி காதுல வாங்கலை. பீரோவைக் கிறீச்னு திறந்தார். நீலாயதாட்சி கடைசியா ஒரு தடவை குகையைப் பார்த்தா.

"இருங்க"ன்னாங்க தையல்நாயகி. "நீங்க ரிட்டயர் ஆனப்போ மாலையும் கழுத்துமா ஜீப்புல ஏத்தி, மேளம் அடிச்சு, வீட்டு வாசல்வரைக்கும் கொண்டாந்து விட்டாங்கல்ல? இவளை மட்டும் அப்படியே பீரோவுல போடறதா? இது எந்த ஊரு முறை?"

மகுடபதி பீரோவைச் சாத்தினார். முறைன்னு சொன்னா அவரால தட்ட முடியாது.

"சரி, வீட்டுல விட்டுடலாம். இவ வீடு எங்க?"

"ஊரைக் கட்டினது நீங்க, என்னைக் கேக்கறீங்க?"

தேடினார் தேடினார், அவளுக்குன்னு ஒரு கொட்டகைகூடக் கட்டலை.

"அப்போ ஓட்டுங்க, வீடு வர்ற வரைக்கும்!"ன்னாங்க தையல்நாயகி.

குமிழைத் திருகினார். கிர்ர்... டக டக டக டக! எண்ணெய் போட்ட சக்கரமாச்சே, வழுக்கிகிட்டு ஓடுது. தையல்நாயகி தட்டுல டும் டும்னு மேளம் அடிக்கிறாங்க. குகைக்குள்ள கும்முனு இருட்டு. அப்புறம் வெளிச்சம். அங்க மகுடபதி பாதி குடிச்சு வச்ச காபி டம்ளர். அதை எட்டிப் பார்த்துகிட்டு ஒரு பல்லி.

"அக்கா! கடலும் இருக்கு, சிங்கமும் இருக்கு!"ன்னு கத்தினா நீலாயதாட்சி. செவந்தி திரு திருன்னு முழிச்சா. அவ சொன்னது பொய்யாச்சே!

மறுநாளே மகுடபதி அட்டையை வெட்டி ஒரு வீடு கட்டினார். "வாசல் தெக்கப் பார்க்குதே"ன்னாங்க தையல்நாயகி. பிரிச்சுக் கட்டினார். "ஜன்னல் எங்க?" மறுபடி பிரிச்சார். "பொம்பளை இருக்கிற வீட்டுல ஒரு கொடிக்கயிறு வேண்டாமா?" இன்னும் கட்டிகிட்டுத்தான் இருக்கார். ரிட்டயர் ஆனவளுக்கு நோட்டுல மணி எழுதவும் முறையில்லை. அதனால மாலையோட அவ ஊர்வலம் போய்கிட்டே இருக்கு, டக டக டக டக...

ம் சொல்லு. இல்லியா? சரி. அவ வீடு வந்தப்போ வரட்டும், நம்ம கதை வந்து சேர்ந்தாச்சு. அவ ஓடட்டும், நீ தூங்கு.