டைனோசர் பூங்காவில் சடையப்பன் பார்த்தது

மருதாசல அடிகளிடம் சடையப்பன் வந்து சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. வயதில் குருவைவிட ஏழு வருஷம் மூத்தவர். குணாளன் சேர்ந்ததோ போன தை மாதம்தான். ஆனாலும் இப்போதெல்லாம் அடிகள் வாயைத் திறந்தால், "குணாளன் எங்கே?" என்றுதான் கேட்கிறார்.

டைனோசர் எலும்புகள் கிடைத்த பூங்காவுக்கு மூவரும் போவதாக ஏற்பாடு. ஆறு மணி பஸ்ஸை ஏழு மணி என்று குணாளனிடம் சொல்லிவைத்தார் சடையப்பன். அப்படியும் பஸ் நகரும்போது குணாளன் மூச்சிரைக்க ஓடி வந்து ஏறிவிட்டார்.

"நல்லவேளை, முன்கூட்டியே வந்து எதிர்க்கடையில டீ குடிச்சிட்டிருந்தேன். நான்தான் நேரத்தைத் தப்பாக் கேட்டுட்டேன் போலண்ணே."

சடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூங்காவில் அடிகள் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் நெற்றி ஒட்டப் பார்த்தார். குணாளன் ஓயாமல் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். சடையப்பன் நாலடி தள்ளிப் பின்னால் நடந்தார். ஓரிடத்தில் அடிகள் வாய்விட்டுச் சிரித்து, குணாளனின் தோளில் கை வைத்தார். அந்தக் கை தன் தோளில் கடைசியாக எப்போது விழுந்தது? சடையப்பனுக்கு ஞாபகம் வரவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குணாளன் தண்ணீர் பிடிக்கப் போனார். அதற்கு மேல் சடையப்பனால் அடக்க முடியவில்லை.

"சாமி, அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு? எங்கிட்ட என்ன குறை?"

"உள்ளே முட்டையைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் அடிகள்.

"முட்டையா?"

"கல்லாப் போன முட்டை. பன்னிரண்டு. கூட்டோட அப்படியே இருந்துச்சே."

"இல்ல சாமி."

"தொடை எலும்பு? ஆள் உசரத்துக்கு நிறுத்தி வச்சிருந்தாங்களே?"

சடையப்பன் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப என்னதான் பார்த்தீங்க?"

"அவன் தோள்ல நீங்க கை வச்சதைப் பார்த்தேன். பஸ் நேரத்தை மாத்திச் சொன்னதும் நான்தான் சாமி. அவன் வரக் கூடாதுன்னு."

"தெரியும்."

அடிகள் எழுந்து கவுண்டருக்குப் போனார். ஒரே ஒரு டிக்கெட் வாங்கி வந்து சடையப்பன் கையில் வைத்தார்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க. நாங்க இங்கேயே இருக்கோம்."

"நீங்க வரலையா சாமி?"

"நான் வந்தா, மறுபடியும் என்னையேதான் பார்ப்பீங்க."