மைப்படி எடுத்த ஞாயிற்றுக்கிழமை

"மரகதம் அக்கா எம்.ஏ. சேரப் போறாங்களாமே?"

"மூணு வருஷமாப் போயிட்டேதான் இருக்காங்க. இன்னும் போய்ச் சேரலை."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் திரைக்குப் பின்னால் நின்றிருந்த மரகதவல்லியின் காதில், உடன் வேலை பார்ப்பவர்களின் இந்தப் பேச்சு விழுந்தது. சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. பொய்யில்லையே. கல்வெட்டு என்றால் அவளுக்கு உயிர். வேலையை விடாமல் வார இறுதியில் அதையே படிக்கலாம் என்று மூன்று வருடமாகத் திட்டம் போடுகிறாள். நேர அட்டவணை மட்டும் பதினோரு தடவை மாறிவிட்டது. இந்த வருடம் விண்ணப்பிக்க ஞாயிறு மாலை ஐந்து மணிதான் கடைசி.

அந்த ஞாயிறு காலை ஊருக்கு வெளியே இருந்த சிவன் கோயிலுக்குப் போனாள். அங்கே நசீமா கல்வெட்டுகளைப் படியெடுத்துக்கொண்டிருந்தாள். மரகதத்தைவிடப் பதினான்கு வயது சின்னவள். மரகதத்துக்குக் கல்வெட்டு வாசிக்கச் சொல்லித்தந்தவள்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்கக்கா."

"இப்ப ஆசை பொங்குது. வேலை, வீடு, பரீட்சைன்னு ரெண்டு வருஷம் ஓடணும். பாதியில வடிஞ்சுட்டா?"

நசீமா பெரிய காகிதம் ஒன்றை நனைத்து, சுவரில் எழுத்துகளின் மேல் ஒட்டினாள். பிரஷ்ஷை நீட்டினாள்.

"தட்டுங்க. எழுத்துக்குள்ள காகிதம் இறங்கணும்."

மரகதம் ஒன்பது வரிகளையும் கண்ணால் அளந்தாள். மேலிருந்தா, ஓரத்திலிருந்தா? யோசித்து முடிப்பதற்குள் காற்று அடித்தது. காய்ந்த காகிதம் கழன்று அவள் தலையில் முக்காடாக விழுந்தது.

"அட, எங்க வீட்டு ஆளாவே ஆயிட்டீங்க!" என்று நசீமா சிரித்தாள்.

"காஞ்சுபோச்சே மேடம்!"

"வெயில்ல காயாம என்ன செய்யும்?" தண்ணீர் வாளியைக் கை காட்டினாள்.

மரகதம் மறுபடி நனைத்து ஒட்டினாள். இந்தத் தடவை யோசிக்காமல் தட்டினாள். இரண்டு வரி இறங்கியது. ஓரம் தூக்கியது. தண்ணீர் தெளித்தாள். மூன்றாவது வரி. மறுபடி தூக்கியது. மறுபடி தண்ணீர். நசீமா நிழலில் உட்கார்ந்து கடலை மிட்டாய் கடித்தாள்.

ஒன்பதாவது வரி இறங்கியபோது வாளியில் பாதிதான் மிச்சம். ஈரம் கொஞ்சம் வற்றியதும் மையை ஒற்றினாள். கறுப்புக்கு நடுவில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன.

"வந்துடுச்சு!" என்று குதித்த மரகதம், பிறகு மெல்லக் கேட்டாள். "நீங்க தட்டினா இப்படிக் காயாதுல்ல?"

"நானும் பத்து வருஷமாத் தேடுறேன்க்கா. காயாத காகிதம் எந்தக் கடையிலயும் இல்லை. அதான் வாளியோட வர்றேன்."

மரகதம் மைக் கையைத் துடைத்துக்கொண்டு, கோயில் படியிலேயே உட்கார்ந்து, கைப்பேசியில் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள்.