அளக்காமல் ஊற்றிய கிளாஸ்

புதுச்சேரியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், குணவதி அம்மா தியானம் சொல்லிக்கொடுத்துவந்தார். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. சீடர்களில் மூத்தவர் முசே சவரிநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர் என்பதால், 'ஐயா' என்பதற்குப் பதில் பிரெஞ்சு வழக்கில் 'முசே'. அறுபத்தெட்டு வயதிலும் இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் மாடிப்படி ஏறமாட்டார். அவருக்கு முன்னால் அவர் தொப்பை ஏறும்.

ஒரு சனிக்கிழமை, கண்மூடி உட்கார்ந்தது முடிந்ததும், சவரிநாதன் கையைத் தூக்கினார்.

"அம்மா, ஒரு சந்தேகம். ராத்திரிச் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின். அதை எப்படிக் கலோரிக் கணக்குக்குள்ள அடக்குறது?"

கூடம் சிரித்தது. முக்திக்கு வழி கேட்க வேண்டிய இடத்தில் இவர் குடிக்க வழி கேட்கிறாரே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. "சொல்லுங்க, முசே," என்றார்.

சவரிநாதன் சொன்னார். உடம்பில் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது. எடை குறைந்தாக வேண்டும். கணக்குக்குள் இருந்தால் ஒரு கிளாஸ் பரவாயில்லை என்றுதான் டாக்டர் முதலில் விட்டுவைத்தார். இவரும் பட்டாளத்துக்காரர் ஆயிற்றே, கணக்கு என்றால் கணக்குதான். காலை இட்லி பாதியானது. தயிர்சாதம் போனது. அடுத்த வீட்டு ரொசாலி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாள். அவள் குழம்பில் எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறாள் என்று யார் கண்டது? அதனால் அங்கே போவதையும் விட்டார். இத்தனை செய்தும் எடை மெஷினின் முள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"அடுத்த தடவையும் குறையலன்னா ஒயினை மொத்தமா நிறுத்திடணும்னுட்டார் டாக்டர்." சவரிநாதனின் குரல் இறங்கியிருந்தது. "அது மட்டும் என்னால முடியாதும்மா. மத்ததெல்லாம் போகட்டும்."

"அவ்வளவு ஆசையா?"

"ஆசை இல்லம்மா. என் சம்சாரம் மதலேனும் நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான் சாப்பிட்டோம். அவ போய் ரெண்டு வருஷம் ஆகுது. இந்த ஒரு சாப்பாடுதான் எனக்கு மிச்சம்."

கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு நான் உங்க வீட்டுல சாப்பிடலாமா?" என்று கேட்டார் அம்மா.

சவரிநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வீட்டுக்குள் சாப்பிட என்று ஒருவர் வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

பொழுது சாய்ந்ததும் அம்மா போனார். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள் ஏற்கெனவே எதிரெதிராக இருந்தன. மூன்றாவது தட்டை சவரிநாதன் அலமாரியிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

அவித்த மீன், பீன்ஸ், ஒரு கரண்டிச் சோறு. எல்லாம் சமையலறைத் தராசில் ஏறி இறங்கித்தான் அவர் தட்டுக்கு வந்தன. பிறகு ஒயின். அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நூற்றைம்பது மில்லி, ஒரு சொட்டுக் கூடாமல் தன் கிளாஸில் ஊற்றினார். உடனே போனை எடுத்து, அதில் வைத்திருந்த சாப்பாட்டுக் கணக்கில் நூற்று இருபத்தைந்து கலோரி என்று ஏற்றினார். அம்மா தனக்குத் தண்ணீர் போதும் என்றார்.

அப்புறம் சவரிநாதன் எதிர் நாற்காலிக்கு முன்னால் இருந்த கிளாஸிலும் ஊற்றினார். அளக்கவில்லை. பாட்டிலைச் சாய்த்துத் தாராளமாக ஊற்றினார்.

"மதலேனுக்கு," என்றார் கூச்சத்தோடு. "அளந்து ஊத்தினா கோவிச்சுக்குவா."

சாப்பிட்டார்கள். "இன்னிக்கு மீன்ல உப்பு கம்மி," என்று அவர் எதிர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார். அம்மாவும் அந்த நாற்காலியைப் பார்த்தார். ரொசாலியின் வீட்டிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. சவரிநாதன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அடுக்கினார். பிறகு, பழகிய கையோடு, எதிரில் இருந்த கிளாஸை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"அதை நீங்களா குடிப்பீங்க, முசே?"

"வீணாக்கினா அவளுக்குப் பிடிக்காதும்மா. தினமும் நான்தான் முடிச்சிடுவேன்."

"போன்ல ஏத்தலையே?"

"இது எப்படிம்மா என் கணக்குல வரும்? இது அவளோட..."

கிளாஸ் அந்தரத்தில் நின்றது. ஒவ்வொரு பீன்ஸையும் நிறுத்துச் சாப்பிட்ட மனுஷனுக்கு இத்தனை நாளாக இது மட்டும் தெரியாமலே போயிருந்தது. சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கிளாஸோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறு கையால் போனை எடுத்தார். கட்டைவிரல் திரைக்கு மேலே போய், தொடாமல் திரும்பியது.

"ஏத்திடலாம். ஒரு நிமிஷ வேலைதான். ஆனா ஏத்திட்டா, அவ குடிக்கலன்னு ஆயிடுமேம்மா."

அம்மா அவர் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

"ஏத்த வேணாம்," என்றார் பிறகு. "அவங்களோடதுன்னா அவங்களுக்கு முன்னாலயே இருக்கட்டும். நீங்க குடிக்காதீங்க."

சவரிநாதன் கிளாஸைச் சிந்தாமல் அதன் இடத்தில் திரும்ப வைத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல நான் எழுந்து வந்து பார்க்கும்போது... அப்படியே இருக்குமேம்மா."

"இருக்கும், முசே," என்றார் அம்மா. எழுந்து போய், அவர் சாத்திய ஜன்னலைத் திறந்துவிட்டார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ரொசாலி கூப்பிடுவாங்க."